பாயும் பிழைப்பும்

சோறு போடுவதை நிறுத்திவிட்ட ஒரு திறமை, அதற்குப் பிறகும் அதே திறமைதானா? கேள்வி விதண்டாவாதம் போலத் தோன்றலாம். ஆனால் கான்ராட் இதை ஒரு முறை தீவிரமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். 1906இல் வந்த 'தி மிரர் ஆஃப் தி ஸீ' என்ற நூலில், பணக்காரர்கள் பொழுதுபோக்குக்காக ஓட்டும் பாய்ப்படகுகளைப் பற்றிப் பத்திரிகையில் படித்த ஒரு கட்டுரையிலிருந்து அவர் பேச்சைத் தொடங்குகிறார். இருபது வருஷம் கூலிக்குக் கப்பலோட்டிய மனிதர் அவர். இந்தப் படகுக்காரர்களை அவர் கேலி செய்திருந்தால் நமக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் செய்யவில்லை. எந்தத் தொழிலுக்கும் ஒரு தார்மீகப் பக்கம் இருக்கிறது. பிழைப்புக்குத் தேவையான அளவைத் தாண்டி, வேலையை நேர்த்தியாகச் செய்யவேண்டும் என்கிற கௌரவத்தில் அது இருக்கிறது. விளையாட்டுக்காகப் பாய் விரிப்பவனிடமும் அது இருக்க முடியும் என்கிற மாதிரி அவர் வாதம் போகிறது. அவர் இதை எழுதியபோது நீராவிக் கப்பல்கள் பாய்க்கப்பல்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. தான் ஆயுளில் பாதியைக் கொடுத்துக் கற்ற வித்தை, சீமான்களின் கோடை விடுமுறையில் உயிர் பிழைத்திருப்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டாரா, ஏற்றுக்கொள்ள நேர்ந்ததா என்பது வேறு விஷயம்.

இன்னொரு திசையிலிருந்து மார்க்ஸ். 1845–46இல் எழுதப்பட்டு 1932இல்தான் முழுமையாக அச்சேறிய 'ஜெர்மன் சித்தாந்த'த்தில் எல்லோரும் எடுத்துக்காட்டும் அந்த இடம்: வரப்போகும் சமூகத்தில் ஒருவன் காலையில் வேட்டையாடலாம், மத்தியானம் மீன்பிடிக்கலாம், சாப்பாட்டுக்குப் பிறகு விமர்சனம் செய்யலாம், ஆனால் வேட்டைக்காரனாகவோ மீனவனாகவோ விமர்சகனாகவோ ஆகவேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. நம் சிறுபத்திரிகை வட்டத்தில் கடைசி அம்சம் ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. பகலெல்லாம் வங்கியில் பற்றுச்சீட்டு பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு விமர்சனம் செய்கிறவன் நான். ஆனால் மீனவனாகாமல் மீன்பிடிப்பது என்பதைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. கான்ராடும் மார்க்ஸும் இரண்டு எதிர்முனைகளிலிருந்து வந்து ஒரே விஷயத்தை விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. இன்றைக்குப் போகலாமா, வேண்டாமா என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்கிற விஷயம் அது.

சென்ற டிசம்பர் கடைசி வாரத்தில் ஆறு நாள் பொம்மையார்பாளையத்தில் ஒரு பாய்ப்படகோடு இருந்தேன். படகு என் நண்பருடையது. 16 அடி நீளம், ஒற்றைப் பாய்மரம், இரண்டு பாய்கள். யாரோ ஊரைவிட்டுப் போகும்போது விற்றதை வாங்கியிருந்தார். குளிர்காலத்தில் படகிலேயே வாசம் செய்யும் ஐரோப்பியர்களைப் பற்றி அவர் நிறையப் படித்திருக்கிறார். அதேபோல் இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. இந்தக் கரையில் அது நடக்காது. புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் வரை கடல் ஒரே நேர்க்கோடு. ஒதுங்க வளைகுடா இல்லை, நங்கூரம் போட்டுத் தூங்க இடம் இல்லை. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் அலை மடிந்து உடைகிறது. போகிற படகு அதை உடைத்துக்கொண்டு போகவேண்டும், வருகிற படகு அதன் முதுகில் ஏறி மணலுக்கு வரவேண்டும். எனவே பகலில் தண்ணீரில் படகுக்குள் நாங்கள், இரவில் மணலில் படகுக்குள் நாங்கள். மார்கழிப் பனிக்குப் பெரிய பாயைப் போர்த்திக்கொண்டோம்.

இந்தக் கரை கண்டுபிடித்த படகுக்கு உள் கிடையாது. கட்டுமரத்தைத்தான் சொல்கிறேன். கனமில்லாத மரங்களைச் சீவி, ஆணி இல்லாமல் கயிற்றால் கட்டி, வேலை முடிந்ததும் அவிழ்த்துக் காயப்போடுகிறார்கள். அலை மேலே ஏறினால் மரங்களுக்கிடையே வழிந்து போய்விடும். நிரம்ப உள் இல்லாததால் அது மூழ்குவதில்லை. ஐரோப்பியப் படகு என்பது தண்ணீரில் எடுத்துப்போகும் ஒரு வீடு. அடுப்பு, படுக்கை, புத்தக அலமாரி, தனிமை எல்லாம் அதற்குள் இருக்கும். கட்டுமரத்தில் ஒரு மனிதனும் வலையும் போகலாம், அவ்வளவுதான். கடலை அகவாழ்வின் உருவகமாக ஆக்கி எழுதப்பட்டதெல்லாம் உள் வைத்த படகுகளிலிருந்து எழுதப்பட்டவை என்பது என் அனுமானம். நம் நெய்தல் பாட்டுகளில் அகம் இருக்கிறது. ஆனால் அது கரையில் நின்று பார்க்கிறது. இரங்குவதுதான் அந்தத் திணைக்கு விதித்த உரிப்பொருள். கடலுக்குள் போனவன் என்ன நினைத்தான் என்பதைப் பற்றி அந்தக் கவிகளுக்கு அக்கறை இல்லை. நவீன எழுத்தில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) நம்மைத் தொங்கானில் ஏற்றிப் புயலுக்குள்ளேயே கொண்டுபோகிறது. அதிலும் இருப்பவர்கள் காரியமாகப் போகிறவர்கள். கடலில் சும்மா போன ஒருவன் தமிழில் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

கட்டுமரம் என்ற சொல் செய்த பிரயாணம் விசித்திரமானது. வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் இந்தப் படகைக் குறிப்பிடும்போது சொல்லையும் சேர்த்தே எடுத்துப்போகிறார். சொல் ஆங்கிலத்தில் தங்கி, பசிபிக் தீவுகளின் இரட்டைப் படகுகள் மேல் தவறாக ஒட்டிக்கொண்டது. 1876இல் அமெரிக்காவில் நதானியல் ஹெரஷாஃப் இரண்டு உடல் கொண்ட 'அமரில்லிஸ்' என்ற பந்தயப் படகைக் கட்டினார். நியூயார்க் பந்தயத்தில் அது மற்றவற்றைச் சுலபமாக முந்திவிட்டதால் அந்த வகையையே பந்தயங்களிலிருந்து ஒதுக்கினார்கள். பிழைப்பின் பெயர் ஒரு விளையாட்டுச் சாமானுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது கட்டமரான் என்றால் உலகத்துக்குக் கடற்கரை விடுதிகளின் வர்ணப்பாய் வைத்த பொம்மைதான்.

இங்கே, கரையில், கட்டுமரமே அநேகமாகப் போய்விட்டது. பாய் அதற்கு முன்னாலேயே போனது. முதலில் என்ஜின் வந்தது, அப்புறம் ஃபைபர் போட் வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நிவாரண நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகுகளைக் கொடுத்ததில் மிச்சமிருந்த மரங்களும் விறகாயின. படகு ஏற்ற மணலும் குறைந்துவிட்டது. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகப் போட்ட அலைதடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வரும் மணலை மறித்துவிட்டன. அரிப்பு வடக்கே ஒவ்வொரு குப்பமாக ஏறி வந்தது. பாறை கொட்டினால் அந்த இடம் நிற்கிறது, அடுத்த இடம் கரைகிறது. எங்கள் படகை எங்கே இழுத்துப்போடுவது என்பதற்கு முதல் நாள் ஒரு சிறிய பஞ்சாயத்தே நடந்தது. கடைசியில் இரண்டு ஃபைபர் படகுகளுக்கு இடையில் ஒரு சந்து கிடைத்தது. அந்தக் கரையில் பாய்மரம் நட்டிருந்த ஒரே படகு எங்களுடையது, அதாவது விடுமுறைக்காரர்களுடையது.

குளிர்காலம் என்ற வார்த்தையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஐரோப்பியனுக்கு டிசம்பரில் தெற்கே போவது தப்பித்தல். சோழமண்டலக் கரைக்கு அதுவே மோசமான பருவம். கம்பெனிக் கப்பல்கள் அக்டோபர் நடுவிலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதம் இந்தக் கரையை விட்டே விலகிப் போய்விடும். தங்க நேர்ந்தவர்களின் கதை 1761 ஜனவரி 1ஆம் தேதிப் புயல். புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பற்படையில் 'சண்டர்லாண்ட்', 'டூக் டக்கித்தேன்' இரண்டும் மூழ்கின. மூன்று கப்பல்கள் கரையில் மோதின. ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். காற்றைப் படிக்கத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். போகக்கூடாது என்று உத்தரவு இருந்தது, அதனால் நின்றார்கள். அந்த மாதமே ஊர் சரணடைந்ததால் உத்தரவு சரி என்றாகிவிட்டது. 2011இல் தானே புயலும் ஒரு டிசம்பர் 30ஆம் தேதிதான் இந்தப் பக்கம் கரையேறியது. மரக்காணத்து உப்பளங்களில் மழை மாதங்களில் வேலை கிடையாது. அதை அங்கே யாரும் விடுமுறை என்று சொல்வதில்லை. என் சொந்த இனத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1980களின் இறுதி வரை இந்திய வங்கிகளின் வருஷாந்திரக் கணக்கு முடிவு டிசம்பர் 31. என் முந்திய தலைமுறைக் குமாஸ்தாவுக்கு டிசம்பர் கடைசி வாரத்தில் கடல் என்று ஒன்று இருந்ததே தெரிந்திருக்காது. கணக்கு மார்ச்சுக்கு மாறியதால் எனக்குக் கடல் கிடைத்தது.

இரண்டாம் நாள் காலை, படகைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பருமலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது யாரு கட்னது? கயிறு தப்பா கீது" என்றார். எழுபதைத் தாண்டியவர். அவிழ்த்து வேறு மாதிரி கட்டினார். அப்புறம் கேட்காமலே ஏறி உட்கார்ந்தார். நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை.

பாயில் கை வைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும் அவருக்கு. முதல் கால் மணி நேரம் கை தேடியது. இந்தப் படகின் கயிறுகள் அவருக்குப் பழக்கமில்லாத இடங்களில் இருந்தன. பின் தேடுவது நின்றுவிட்டது. விடிவதற்கு முன் கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்றில் வெளியே போய், வெயில் ஏறியதும் கடலிலிருந்து வரும் காற்றில் திரும்புவதுதான் பாய் இருந்த காலத்தின் நித்திய நடைமுறை. போவதற்கு ஒரு காற்று, வருவதற்கு ஒரு காற்று. இரண்டுக்கும் நடுவில் காற்று செத்துக் கிடக்கும் ஒரு நேரம் வரும். பாய் தொங்கிப்போயிற்று, படகு சும்மா ஆடிக்கொண்டிருந்தது. துடுப்புப் போடலாமா என்று நண்பர் கேட்டார். "இன்னா அவசரம்? வரும்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெற்றிலை போட்டுக்கொண்டார். ஒரு மணி நேரம் போல அப்படி இருந்தோம். தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று காட்டினார். இந்த மாதத்தில் வடக்கேயிருந்து தெற்கே போகும், அது வன்னி. வெயில் காலத்தில் திரும்பிவிடும், அது தெண்டி என்றார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் வேலை செய்துகொண்டிருந்தாரா, ஓய்வாக இருந்தாரா என்பதை எந்த அகராதியை வைத்துக்கொண்டும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இங்கேதான் என் சந்தேகத்துக்கு ஒரு உருவம் கிடைத்தது. பாய் இருந்த தொழிலுக்குள் ஓய்வும் கலந்திருந்தது. காற்று இல்லாத நேரம், காற்று அதிகமான நாள், வலை காயும் பொழுது என்று வேலையிலிருந்து கழற்ற முடியாதபடி அது கிடந்தது. என்ஜின் வந்ததும் அது கழன்றுகொண்டது. டீசலுக்குக் கொடுத்த காசு, கடனுக்கு வட்டி, ஏலக்காரரிடம் வாங்கிய முன்பணம் இவை காற்றுக்குக் காத்திருப்பதில்லை. அப்படிக் கழன்று விழுந்த அந்த ஒரு மணி நேரத்தைத்தான், தனியாகப் பொட்டலம் கட்டி, விடுமுறை என்ற பெயரில் என் போன்றவர்கள் வாங்கிக்கொள்கிறோம்.

இதை நான் சொன்னால் சொப்பனாவஸ்தை என்று ஒதுக்கச் சிலர் காத்திருப்பார்கள். அவர்களுக்குப் பெரியவரே பதில் வைத்திருக்கிறார். பாய்க்காலம் நன்றாக இருந்ததா என்று நண்பர் கேட்டார். கேள்வியிலேயே ஆமாம் இருந்தது. "என்ஜின் வந்தப்புறந்தான் சார் எம் புள்ளைங்க தோளு பொழச்சுது" என்றார் பெரியவர். காற்று மாறிவிட்டால் நாள் முழுக்கத் துடுப்பு வலிக்கவேண்டும், பிடித்த மீன் கரைக்கு வருவதற்குள் கெட்டுப்போகும், எத்தனையோ பேர் வந்து சேரவே இல்லை. அவருக்கு ஏக்கம் கிடையாது. தென்கடற்கரையில் பிடிபட்ட மீனுக்குப் பாடு என்று பேர். பட்ட துயரத்துக்கும் அதே பேர்தான். அவர் என்ஜினின் கட்சி. அப்படியிருந்தும் கை மட்டும் பாயின் கட்சியாக இருந்ததை நான் பார்த்தேன். கான்ராட் சொல்லும் தார்மீகப் பக்கம் அந்தக் கைக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்க இந்தக் கரையில் இப்போது விடுமுறைக்காரனின் படகைத் தவிர வேறு இடம் இல்லை.

நான்காம் நாள் காலை அவர் வந்து மணலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார். வானம் சுத்தமாக இருந்தது. வாடை கொஞ்சம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். எங்கள் கண்ணுக்கு முந்தின நாள் அலைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஃபைபர் படகுகள் இரண்டு மூன்று போய்க்கொண்டுதான் இருந்தன. நண்பர் மன்றாடினார்: இன்னும் இரண்டு நாள்தான் லீவு இருக்கிறது, திங்கட்கிழமை ஆபீஸ். பெரியவருக்கு இந்த வாதமே புரியவில்லை. "கடலு எங்க போவப்போவுது தம்பி?" என்றார். படகுகள் போகின்றனவே என்று காட்டியபோது, "அவுங்க தொழிலுக்குப் போறாங்க. நீ எதுக்குப் போற?" என்றார்.

இந்தக் கேள்வியின் தர்க்கத்தை நான் அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். தேவையிலிருந்து விடுபட்டவன் நான், தேவையில் கட்டுண்டவன் மீனவன் என்பதுதான் வழக்கமான சமன்பாடு. மார்க்ஸின் மத்தியான மீன்பிடிப்பும் அதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் அந்த மணலில் நின்ற நால்வகையினரில் தேதிக்குக் கட்டுப்பட்டவர்கள் இரண்டு வகை: கடன் உள்ள படகுக்காரர்கள், லீவு தீரப்போகிற நாங்கள். வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்களும் இரண்டு வகை: கற்றுத் தீர்ந்த அந்தக் கிழவர், சும்மா வேடிக்கை பார்த்த சிறுவர்கள். வித்தையின் உச்சம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கயிற்றைப் பிடித்த லாவகத்தில் என்று மூன்றாம் நாள் வரை சொல்லியிருப்பேன். நான்காம் நாள், அந்த மறுப்பில் என்றேன். ஆனால் மறுக்கும் உரிமைக்கு விலை உண்டு. அவர் மகன்கள் சம்பாதிக்கிறார்கள், அவருக்கு அன்றைக்குச் சோறு இருந்தது. நாற்பது வயதில் அதே அலையைப் பார்த்து அவர் என்ன சொல்லியிருப்பார்? கேட்டேன். சிரித்தார். "போயிருப்பேன்" என்றார்.

டொனால்ட் க்ரௌஹர்ஸ்டின் கதை நம்மில் சிலருக்குத் தெரியும். 1968இல் லண்டன் 'சண்டே டைம்ஸ்' நடத்திய, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றும் பந்தயம். கிளம்புவதற்குக் கடைசித் தேதி அக்டோபர் 31. அவர் படகு தயாராகவில்லை, அவரும் தயாராகவில்லை. கடைசி நாளன்று கிளம்பினார். தெற்குக் கடலுக்குப் போகாமலே போனதாகப் பொய்த் தகவல் அனுப்பி, அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். 1969 ஜூலையில் ஆளில்லாத படகு கிடைத்தது. பொய்யின் தனிமையில் சிதைந்த மனம், நவீன மனிதனின் குறியீடு என்றெல்லாம் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நான் குமாஸ்தா, எனக்கு ஒப்பந்தம்தான் முதலில் கண்ணில் படுகிறது. படகுக்குப் பணம் போட்டவருக்கு எழுதிக்கொடுத்தபடி, பயணம் கைகூடாவிட்டால் படகை அவரே திரும்ப வாங்கவேண்டும். வாங்கினால் திவால், வீடும் போகும். எனவே கிளம்பாமல் இருக்கவும் முடியாது, பாதியில் திரும்பவும் முடியாது. பார்ப்பவர்களுக்கு விளையாட்டு, அவருக்குத் தவணை. வேண்டாம் என்ற சொல்லை ஒரு மனிதனிடமிருந்து பறித்துவிட்டால் மீதி என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே பந்தயத்தில் பெர்னார்ட் முவாத்தெஸியே எதிர்க்கோடிக்குப் போனார். ஜெயிக்கக்கூடிய நிலையில் இருந்தவர், முடிவுக்கோட்டுக்குத் திரும்ப மறுத்து, மேலும் பாதி உலகம் ஓட்டி 1969 ஜூனில் தஹிதிக்குப் போய்ச் சேர்ந்தார். கல்லூரி நாட்களில் எனக்கு அவர் ஆதர்சம். இப்போது அந்த மறுப்பில் கரையில் காத்திருந்த மனைவியின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி வருகிறது. வென்றவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். பம்பாயில் தேக்கால் கட்டிய 32 அடி 'சுஹைலி'யில் 312 நாள். வணிகக் கப்பலில் மாதச் சம்பளம் வாங்கியவர். கிளம்பின துறைமுகத்துக்கே திரும்பி வந்தார், கிடைத்த 5,000 பவுன் பரிசை க்ரௌஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்தார். மூவரில் இவரைப் பற்றித்தான் யாரும் தத்துவம் எழுதுவதில்லை. பொம்மையார்பாளையத்துப் பெரியவரிடம் மூன்று கதைகளையும் சொல்லியிருந்தால் இவரைத்தான் கடலோடி என்று ஒப்புக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள் வாடை இறங்கி, மறுபடி போனோம். ஆறாம் நாள் காலை படகைக் கழற்றும்போது நண்பர் அவரிடம் ஒரு கவர் கொடுத்தார். அதற்கு முன்னால் எங்களுக்குள் ஒரு தர்க்கம் நடந்திருந்தது. கொடுத்தால் அவமதிப்பாகுமோ, அவர் சந்தோஷத்துக்காக வந்தவராயிற்றே என்று நண்பர் தயங்கினார். அவர் மறுப்பார் என்று நண்பர் நிச்சயமாக நம்பினார். மறுக்கவேண்டும் என்று விரும்பினார் என்றுகூடச் சொல்லலாம். அந்த மறுப்பு கிடைத்தால் அந்த நாட்கள் சுத்தமான நாட்களாகிவிடும். பெரியவர் கவரைப் பிரித்து, எண்ணி, மடியில் செருகிக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நண்பருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். காரில் ஏறும்வரை அவர் செலவு நோட்டில் அந்தத் தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார். கூலி என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. அன்பளிப்பு என்று எழுதினால் பொய் என்று எனக்குத் தோன்றியது.

பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, நீ பேங்குல கீறேன்னு சொன்னாங்க. சின்னவனுக்கு என்ஜின் மாத்தணும். இன்னா வட்டி?"

எந்தக் கிளைக்குப் போகவேண்டும், மீன்வளத்துறைப் பதிவும் கூட்டுறவுச் சங்கச் சான்றும் ஏன் வேண்டும், மகன் பெயரில் பழைய பாக்கி இருந்தால் முதலில் அதை என்ன செய்வது என்று சொன்னேன். பக்கத்தில் பாயை மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பி, "அப்புடி மடிக்காத, பூஞ்சை புடிக்கும், காய வச்சு மடி" என்று சொல்லிவிட்டு மறுபடி என்னிடம், தவணை எத்தனை மாசம் என்று கேட்டார்.